ராணுவத்திலிருந்து நிதித் திட்டமிடலுக்கு

ஓய்வுபெற இன்னும் ஓராண்டு இருக்கிறதா? சீருடையில் இருக்கும்போதே, பங்குச் சந்தைக் கல்வி நிறுவனமான என்.ஐ.எஸ்.எம். மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர்களுக்காக நடத்தும் 5-ஏ தேர்வுக்குப் படிக்கத் தொடங்குங்கள். 100-க்கு 50 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. வெளியே வந்ததும் மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியிடம் ஏ.ஆர்.என். என்ற பதிவு எண் பெற்று மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர் ஆகலாம். இதில் வருமானம் கமிஷன்தான். கட்டணம் வாங்கி முதலீட்டு ஆலோசனை சொல்ல, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியில் தனிப் பதிவு தேவை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

உங்கள் உண்மையான பலம் வேறு. நாற்பது வயதில் ஊர் திரும்பும் ஹவில்தார் ஓய்வூதிய ஆணையை மேசையில் விரித்து, "பாதி பென்ஷனை கம்யூட் செய்யட்டுமா, சார்?" என்று கேட்பார். கம்யூட் செய்தால், அந்தப் பங்குக்கு ஈடாக ஒரு தொகை முன்கூட்டியே மொத்தமாகக் கைக்கு வரும். ஆனால் 15 ஆண்டுகளுக்கு மாத ஓய்வூதியம் குறையும். மகளின் கல்லூரிப் படிப்பும் வீட்டுக் கடனும் அந்த ஆண்டுகளில்தான் வந்து நிற்கும். இதை அவருக்குப் புரியும்படி விளக்க, அதே வாழ்க்கையை வாழ்ந்த உங்களால் முடியும்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: முதல் ஆறு மாதம் பழைய தோழர்களிடம் எதையும் விற்காதீர்கள். வரவு செலவைக் கணக்குப் போட்டு மட்டும் கொடுங்கள். அவர்களே தேடி வருவார்கள்.