நூலகத்தில் சின்னக் குழந்தைகளோடு பேக்கிங்: எதைச் செய்யலாம், எப்படிச் செய்யலாம்

நான்கு முதல் ஏழு வயதுக் குழந்தைகளுக்கு நூலகத்தில் பேக்கிங் (ஓவனில் சுட்டுத் தின்பண்டம் செய்வது) வைக்கப் போகிறீர்கள் என்றால் முதல் முறை கேக் பக்கம் போகாதீர்கள். முட்டை, மாவு அடிக்கும் பீட்டர் கருவி, நீண்ட நேர ஓவன் என்று வேலை முழுக்கப் பெரியவர்கள் கைக்குப் போய்விடும், குழந்தைகள் வேடிக்கைதான் பார்ப்பார்கள். அவர்களே பிசைந்து உருட்டக்கூடியதாகத் தேர்ந்தெடுங்கள்.

என்னைக் கேட்டால் ஸ்காட்லாந்தின் வெண்ணெய் பிஸ்கட்டான ஷார்ட்பிரெட்டைத்தான் சொல்வேன். சர்க்கரை 1, வெண்ணெய் 2, மைதா 3, எல்லாமே எடைக்கணக்கு, அவ்வளவுதான். ஒரு குழந்தைக்கு 10 கிராம் பொடித்த சர்க்கரை, 20 கிராம் வெண்ணெய், 30 கிராம் மைதா போதும். ஆளுக்கொரு கிண்ணம் கொடுங்கள். ஒரே பெரிய பாத்திரத்தை வைத்தால் தைரியமான இரண்டு பேர் மட்டும்தான் பிசைவார்கள். வெண்ணெயை முன்னாலேயே வெளியே எடுத்து வைத்து, விரல் வைத்தால் பள்ளம் விழுகிற பதத்தில் கொடுங்கள். விரல் நுனியால் தேய்க்கத் தேய்க்க முதலில் மணல் மணலாக உதிரும், "சேரவே மாட்டேங்குது" என்று சிலருக்கு முகம் வாடும். தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். உள்ளங்கையில் வைத்து அழுத்தச் சொல்லுங்கள், கைச்சூட்டில் வெண்ணெய் இளகி மாவு தானாகச் சேர்ந்துகொள்ளும், அந்த நேரத்தில் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அப்புறம் அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டி, முள்கரண்டியால் குத்தி, பேக்கிங் தாள் விரித்த ஓவன் தட்டில் வையுங்கள். பேக்கிங் தாளில் அவரவர் இடத்துக்குப் பக்கத்திலேயே பென்சிலால் பெயர் எழுதிவிட்டால் பிறகு சண்டை வராது.

170 டிகிரி செல்சியஸில் 12 முதல் 15 நிமிடம். ஓரம் லேசாகப் பொன்னிறமானால் எடுத்துவிடலாம். பேக்கிங்கை நூலகத்தில் வைப்பதற்கு இந்தக் கால் மணி நேரமே போதுமான காரணம் என்பேன். கையை சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்த பிறகு, அட்லஸைத் திறந்து ஸ்காட்லாந்து எங்கே என்று தேடட்டும், அந்த ஊர்க் கதை ஒன்றை வாசித்துக் காட்டுங்கள். வாசனை வர வர யாரும் எழுந்து ஓட மாட்டார்கள்.

ஓவனே இல்லையா? ஸ்வீடனின் சாக்லேட் உருண்டை இருக்கிறது. மொத்தமாக 100 கிராம் வெண்ணெய், 90 கிராம் சர்க்கரை, 120 கிராம் ஓட்ஸ், 3 மேசைக்கரண்டி கோகோ, இவற்றைப் பிசைந்து உருட்டித் தேங்காய்த் துருவலில் புரட்டினால் முடிந்தது.

சில விஷயங்களில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பெயர் பதியும்போதே ஒவ்வாமை பற்றிப் பெற்றோரிடம் கேட்டுவிடுங்கள். பால், கோதுமை இரண்டும் ஷார்ட்பிரெட்டில் இருக்கின்றன. பச்சை மைதாவில் கிருமி இருக்கலாம், அதனால் சுடாத மாவை யாரும் ருசி பார்க்கக் கூடாது, விரலையும் நக்கக் கூடாது, இதைத் தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள். ஓவனுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் நகராமல் நிற்க வேண்டும். புகை அலாரம் எங்கே இருக்கிறது என்று நூலக ஊழியரிடம் முன்பே கேட்டு, அதற்கு நேர் கீழே ஓவனை வைக்காதீர்கள். கம்பளம் விரித்த அறை என்றால் கீழே பிளாஸ்டிக் விரிப்பு அவசியம்.

சுட்டு எடுத்ததும் ஷார்ட்பிரெட் மெத்தென்றுதான் இருக்கும், வேகவில்லையோ என்று திரும்ப உள்ளே வைக்காதீர்கள். தட்டிலேயே பத்து நிமிடம் ஆற விட்டால் இறுகிவிடும், அதற்கு முன்னால் தூக்கினால் உடைந்துபோகும்.