யெஷிவாவுக்கு வரும் பையன்களே, அந்தத் தடிப் புத்தகத்தை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்

யூத நாட்காட்டியின் எலூல் மாதம் (ஆகஸ்ட்-செப்டம்பர்) பிறந்தால் ஜெருசலேம் தெருக்களில் பெட்டி உருளும் சத்தம்தான். அமெரிக்கா, இங்கிலாந்து, தென்னாப்பிரிக்கா என்று எங்கெங்கிருந்தோ பள்ளியை முடித்த கையோடு, கல்லூரிக்கு முன் ஒரு வருடம் யெஷிவாவில், அதாவது யூத மதப் பள்ளியில், தல்மூத் என்ற யூதச் சட்ட நூலைப் படிக்கப் பையன்கள் வந்து இறங்குவார்கள். நானும் அப்படி வந்தவன்தான். இப்போது இரவுப் பாடத்தில் புதியவர்களோடு உட்காருகிறேன். பாஸ்போர்ட், கம்பளி எல்லாம் அம்மாக்கள் பார்த்துக்கொள்வார்கள். எனக்கு உறுத்துவது வேறு: புதியவர்கள் செய்யும் தப்புகள்.

ஆங்கிலப் பதிப்பை வைத்துக்கொண்டு கெமாரா (தல்மூதின் விவாதப் பகுதி) படிப்பது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வரும். ஏனென்றால் ஆறு மாதம் நானும் இதைத்தான் செய்தேன். அரமேய மூலத்துக்கு எதிர்ப்பக்கத்தில் சுத்தமான ஆங்கிலம். கேள்வி எது, பதில் எது என்று பிரித்தே கொடுத்திருக்கும்.

நாங்கள் படித்தது தல்மூதில் பாவா மெட்சியா என்ற பகுதி, இரண்டாம் அத்தியாயம். கண்டெடுத்த பொருள் யாருக்கு என்ற விவகாரம். பொருள் தொலைந்ததே உடையவனுக்குத் தெரியாது. தெரிந்தால் ஆசையை விட்டுவிடுவான். அப்படியானால் இப்போதே விட்டதாகக் கொள்ளலாமா? கொள்ளலாம் என்கிறார் தல்மூத் அறிஞர் ராவா, கூடாது என்கிறார் இன்னொரு அறிஞர் அபாயே. ‘தா ஷ்மா’, அதாவது ‘வந்து கேள்’ என்று ஆதாரம் மேல் ஆதாரமாக வந்து விழும். கடைசியில் அபாயே பக்கம் தீர்ப்பு. சாப்பாட்டு மேசையில் இதையெல்லாம் அழகாக அளப்பேன்.

வசந்தத்தில் வரும் பெசாஹ் பண்டிகை விடுமுறைக்கு முன் ஒருநாள் என் ஹவ்ருதா, அதாவது ஜோடி சேர்ந்து படிப்பவன், ஆங்கிலப் பதிப்பை மூடிவிட்டு, மொழிபெயர்ப்பில்லாத வில்னா பதிப்பை என் பக்கம் தள்ளினான். “இந்த வரியை வாசி.” நடுவில் கெமாரா, ஒரு பக்கம் ராஷியின் உரை, மறுபக்கம் தோசஃபோத் என்ற உரை. உயிர்க்குறி கிடையாது, கேள்விக்குறி கிடையாது. வாதம் மனப்பாடம், ஆனால் அந்த வரி கேட்கிறதா, பதில் சொல்கிறதா என்றே பிடிபடவில்லை. கேள்வியைப் பதிலாக வாசித்துவைத்தேன். அவன் சிரிக்கக்கூட இல்லை. அப்பா கட்டிய பணத்தில் ஜெருசலேமில் உட்கார்ந்து ஆங்கிலம் படித்திருக்கிறேன். அதை வீட்டுச் சோபாவிலேயே படித்திருக்கலாம்.

ஒரு வரிக்கு அரை மணி போனால் போகட்டும். அகராதியைப் புரட்டுங்கள், ராஷியைப் பாருங்கள், ஹவ்ருதாவோடு சண்டை போடுங்கள். தப்பான அர்த்தத்தோடு வகுப்புக்குப் போனாலும் சரி, ராவ், அதாவது ஆசிரியர், திருத்தும்போது மண்டையில் நிற்கும். ஆங்கிலம் ராத்திரி சரிபார்க்க மட்டும்.

எலூலிலேயே எல்லாவற்றையும் கொட்டித் தீர்ப்பது

யோம் கிப்பூர் என்ற பாவமன்னிப்பு நாள் வரை சுமார் 40 நாள் எல்லோருக்கும் ஆவேசம். அப்புறம் சுக்கோத் பண்டிகை விடுமுறை. ஹெஷ்வான் மாதம் திரும்பி வந்தால் மழை, குளிர், வசந்தத்தில் நிசான் மாதம் வரை ஐந்து மாதம். உங்கள் வருடம் உண்மையில் அதுதான். என் அறைத்தோழன் எலூலில் மூன்று மணி நேரம்தான் தூங்குவான். குளிர்காலத்தில் ஹனுக்கா பண்டிகை வந்தபோது அவனைக் காலைப் பாடத்துக்கு எழுப்ப இரண்டு பேர் வேண்டியிருந்தது.

ஊர்க்காரனையே ஹவ்ருதாவாகப் பிடிப்பது

ஊர்க்கதைதான் நடக்கும்.

“இரண்டாம் வருடமும் இங்கேயே” என்று ஹனுக்காவிலேயே வீட்டுக்குப் போன் போடுவது

நிசானுக்கு முந்தைய மாதம் வரும் பூரிம் பண்டிகை கழியட்டும், அப்புறம் முடிவு செய்யலாம்.