காணாமல் போன மைனஸ்

ஒரு நீர் மூலக்கூறின் எடையைப் பார்க்க 18 கிராமை அவகாட்ரோ எண்ணால் (18 கிராம் நீரில் இருக்கும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை, 6.022 × 10²³) வகுத்தேன். கால்குலேட்டர் 2.99 × 10²³ கிராம் என்றது, அதாவது வெஸ்டா என்ற சிறுகோளைவிடக் கனமான ஒரு மூலக்கூறு! பேட்டரி மாற்றினேன், ரீசெட் செய்தேன், இரண்டு நாள் போனதுதான் மிச்சம். அப்புறம்தான் கண்ணில் பட்டது: 2.99 சரி, அடுக்கில் மைனஸ் மட்டும் இல்லை. 18 ÷ 6.022 × 10^23 என்று நான் அடித்ததை அது இடமிருந்து வலமாக எடுத்துக்கொண்டு, 6.022-ஆல் மட்டும் வகுத்துவிட்டு 10²³-ஆல் பெருக்கியிருக்கிறது. 6.022 அடித்து, பத்தின் அடுக்கைப் போடும் எக்ஸ்ப் (EXP) பொத்தானை அழுத்தி, 23 போட்டதும் மொத்தமும் ஒரே எண்ணானது, 2.99 × 10⁻²³ வந்துவிட்டது. எக்ஸ்ப்புக்கு முன்னால் '× 10' அடிக்காதீர்கள், அந்தப் பத்து பொத்தானுக்குள்ளேயே இருக்கிறது. அடைப்புக்குறி போட்டாலும் சரிதான், எனக்குத்தான் அது மறந்துபோகும்.