காம்பு வெடிப்புக்கு முன்னால் பிள்ளையின் வாயைப் பாருங்கள்

பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் பிரசவமான வீடுகளுக்குப் போனால், 3ஆம் நாளோ 4ஆம் நாளோ தாய் சொல்லும் முதல் குறை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: "காம்பு வெடிச்சுப் போச்சு, குடுக்கவே பயமா இருக்குது." உடனே பாட்டி விளக்கெண்ணெயும் மஞ்சளும் கொண்டுவருவார், கணவர் களிம்பு வாங்க மருந்துக்கடைக்குக் கிளம்புவார். பெரும்பாலான வெடிப்பு பிள்ளை மார்பைக் கவ்வும் விதத்தால் வருவது என்பதால், கவ்வலைத் திருத்தாமல் எதைத் தடவினாலும் அடுத்த முறை பால் கொடுக்கும்போது புண் மறுபடியும் பிளந்துவிடும்.

காரணம் எளிதானது. பிள்ளையின் மேல் அண்ணம் முன்பக்கம் கெட்டியாகவும் பின்பக்கம் மென்மையாகவும் இருக்கும். காம்போடு அதைச் சுற்றியுள்ள கருமையான பகுதியையும் சேர்த்து வாய் நிறையக் கவ்வினால், காம்பு அந்த மென்மையான இடத்துக்கு அருகே போய் உரசாமல் நிற்கும், பாலும் தாராளமாக வரும். நுனியை மட்டும் கவ்வினால், நாக்குக்கும் கெட்டியான அண்ணத்துக்கும் நடுவே காம்பு நசுங்கித் தேயும். பாலும் குறைவாகவே வருவதால் பிள்ளை இன்னும் பலமாக இழுக்கும்.

சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டு, மடியில் தலையணை வைத்துப் பிள்ளையை மார்பு உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். நீங்கள் குனிந்து மார்பைப் பிள்ளையிடம் கொண்டுபோகக் கூடாது. பிள்ளையின் தலை மட்டும் திரும்பியிருக்காமல் காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்க, வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்க வேண்டும். மூக்கு காம்புக்கு நேராக இருக்கும்படி பிடித்து, காம்பால் மேலுதட்டை மெல்லத் தொட்டுக் காட்டுங்கள். சிறிதாகத் திறந்தவுடன் அவசரப்பட்டுத் திணிக்காமல், கொட்டாவி விடுவதுபோல் வாய் அகலமாகத் திறக்கும்வரை பொறுத்திருந்து, திறந்த நொடியில் முதுகைத் தாங்கும் கையால் பிள்ளையை மார்போடு அணைத்துவிடுங்கள். முகவாய் முதலில் மார்பில் பட வேண்டும். பின்தலையைப் பிடித்து அழுத்தினால் பிள்ளை மிரண்டு விலகும்.

இரண்டு விரல்களுக்கு நடுவே காம்பைக் கத்தரிக்கோல் போலப் பிடித்துக் கொடுப்பது நம் வீடுகளில் பழக்கம். மூக்கு அடைபடும் என்ற பயத்தில் செய்கிறார்கள். ஆனால் விரல்கள் கருமையான பகுதியை மறைத்துவிடுவதால் பிள்ளைக்கு நுனி மட்டுமே கிடைக்கிறது. கட்டைவிரல் மேலேயும் மற்ற நான்கு விரல்கள் கீழேயும், காம்பிலிருந்து நன்றாகத் தள்ளி இருக்கட்டும். மூக்கு அமுங்குவதாகத் தோன்றினால் பிள்ளையின் இடுப்பை உங்கள் பக்கம் இழுத்துக்கொண்டால் போதும், தலை தானாகப் பின்னுக்குச் சாய்ந்து மூக்கு விலகும்.

சரியாகக் கவ்விய பிள்ளையின் கீழுதடு வெளிப்பக்கம் மடிந்திருக்கும், கன்னம் குழியாமல் உப்பியிருக்கும், விழுங்கும் சத்தம் கேட்கும். "டக் டக்" என்று நாக்குச் சத்தம் கேட்டால் கவ்வல் சரியில்லை. முதல் சில நாட்களில், ஆரம்பத்தில் சில நொடிகள் சுருக்கென்று இழுக்கலாம். வலி அதற்குமேல் நீடித்தால் பல்லைக் கடித்துப் பொறுக்க வேண்டாம். வெடுக்கென்று இழுத்தால் காம்பு கிழியும் என்பதால், நகம் வெட்டிய சுத்தமான சுண்டுவிரலைப் பிள்ளையின் கடைவாயில் நுழைத்துப் பிடியை விடுவித்து, மறுபடி தொடங்குங்கள். குடித்து முடித்ததும் காம்பைப் பாருங்கள். உருண்டையாக இருந்தால் நல்லது; சீவிய பென்சில் முனைபோல் ஒரு பக்கம் சாய்ந்து வெளுத்திருந்தால் அது நசுங்கியிருக்கிறது.

பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாக இருந்தாலும் பிள்ளையால் கவ்வ முடியாது. கையால் சிறிது பீய்ச்சிக் கருமையான பகுதியை இளக்கிய பிறகு கொடுங்கள். மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டும் வழக்கம் பால் வற்றவைப்பதற்கானது என்பதால், தொடர்ந்து பால் கொடுக்க வேண்டிய தாய்க்கு அது உதவாது. காம்பு தட்டையாகவோ உள்ளிழுத்தோ இருப்பவர்கள், சிரிஞ்சின் முனையை வெட்டித் தண்டைத் திருப்பிப் போட்டு, வழவழப்பான பக்கத்தைக் காம்பின்மேல் வைத்து மெதுவாக இழுக்கும் முறையைச் செவிலியரிடம் நேரில் கற்றுக்கொள்ளலாம்.

காம்பைச் சோப்புப் போட்டுத் தேய்க்காதீர்கள். அங்கே இயல்பாகச் சுரக்கும் எண்ணெய்ப்பசை போய்த் தோல் வறண்டுவிடும். குளிக்கும்போது படும் தண்ணீரே போதும். பால் கொடுத்து முடித்ததும் இரண்டு சொட்டுப் பாலைப் பீய்ச்சிக் காம்பில் தடவி, காற்றில் உலரவிட்டு, பிறகு பருத்தித் துணி அணியுங்கள். புண் ஆழமாக இருந்தால் வலி குறைந்த பக்கத்தை முதலில் கொடுங்கள். வாய் வைக்கவே முடியாத வேளைகளில், பீய்ச்சிய பாலைச் சுத்தமான பாலாடையில் ஊட்டுங்கள்.

கவ்வலைத் திருத்திய பிறகும் காம்பு எரிந்து, பிள்ளையின் நாக்கில் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படிவம் இருந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். தாய், பிள்ளை இருவருக்கும் ஒரே சமயத்தில் மருந்து தேவைப்படும். மார்பில் ஓரிடம் சிவந்து கடுத்து, குளிரும் காய்ச்சலும் வந்தால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். பொதுவாக அந்தப் பக்கத்திலும் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை. முதல் வாரத்துக்குப் பின் 24 மணி நேரத்தில் 6 துணிக்குக் குறைவாகப் பிள்ளை நனைத்தாலோ, நாக்கின் அடியில் உள்ள சவ்வு இறுக்கமாக இருந்து நாக்கு வெளியே நீளாமல் இருந்தாலோ, பிள்ளையையும் உடன் கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள். அங்கேயே ஒருமுறை பால் கொடுத்து, கவ்வும் விதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.