இலையா, தரையா? பட மாடல்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலக்கோடு, ராயக்கோட்டை வட்டாரத் தக்காளித் தோட்டங்களில் இலைநோயைக் கண்டறியும் நியூரல் நெட்வொர்க்கை (எடுத்துக்காட்டுப் படங்களிலிருந்து தானே கற்கும் கணினி மாடலை) இறுதியாண்டு ப்ராஜெக்டாக எடுக்கும் மாணவர்கள் அடிக்கடி என்னிடம் வருகிறார்கள். நிரல் பிழைகளைத் தாமே திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை.

பின்னணியைப் பாடமாக்குவது

அண்மையில் வந்த ஒரு குழு, நோயுற்ற இலைகளைப் பறித்துவந்து விடுதியின் சிமெண்ட் தரையில் பரப்பியும், நல்ல இலைகளைச் செடியிலேயே செம்மண்ணும் சொட்டுநீர்க் குழாயும் தெரியும்படியும் படமெடுத்திருந்தது. சோதனையில் ஏறக்குறைய எல்லா விடைகளும் சரியாக வந்தன. நல்ல இலை ஒன்றை அதே சிமெண்ட் தரையில் வைக்கச் சொன்னேன்; மாடல் ‘இலைக்கருகல்’ என்றது. இலையை எடுத்துவிட்டு வெறுந்தரையைக் காட்டியபோதும் அதே விடைதான்.

எது இலை, எது தரை என்று நெட்வொர்க்குக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. சிறு ஃபில்டர்கள் (படத்தைச் சிறுசிறு பகுதியாக அலசும் எண் கட்டங்கள்) படம் முழுவதும் நகர்ந்து, முதல் அடுக்குகளில் விளிம்புகளையும் நிற மாற்றங்களையும், அடுத்தடுத்த அடுக்குகளில் அவற்றைக் கோத்து மேற்பரப்பின் தன்மையையும் உருவங்களையும் பிரித்தெடுக்கின்றன; விடையோடு எளிதில் ஒத்துப்போகும் அடையாளம் எதுவோ, பயிற்சி அதையே வலுப்படுத்துகிறது. வளையம் வளையமாக விரியும் பழுப்புப் புள்ளியைவிடச் சாம்பல் நிறத் தரை அதற்கு எளிது.

ஆய்வாளர்கள் பரவலாகப் பயன்படுத்தும் பிளாண்ட்வில்லேஜ் என்ற பயிர் இலைப்படத் தொகுப்பிலும் இதே குறை உண்டு. அதன் 54,306 படங்களைக் கொண்டு 2016இல் வெளிவந்த ஆய்வில் 99.35% துல்லியம் கிடைத்தது. வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்ததும் அது சுமார் 31% ஆகச் சரிந்தது. அதே தொகுப்பில், பின்னணியின் 8 பிக்சல்களை (படப்புள்ளிகளை) மட்டும் வைத்தே, 38 பயிர்-நோய் வகைகளுள் சரியானதை 49% அளவுக்குச் சொல்ல முடிந்தது என்று 2022இல் மற்றோர் ஆய்வு காட்டியது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் 2.6% தான் வரும். இவ்வளவையும் விளக்கிய பிறகும் “அதான் நல்ல சதவீதம் வந்துடுச்சே சார்” என்று யாரேனும் சொன்னால் எனக்கு எரிச்சல் வருகிறது, ஏனெனில் அந்த விடையை நம்பி மருந்தடிக்கும் செலவு விவசாயியின் தலையில் விழுகிறது.

நல்ல இலை, நோயுற்ற இலை இரண்டையும் ஒரே தோட்டத்தில், ஒரே வெளிச்சத்தில், ஒரே பின்னணியில் எடுங்கள். பிறகு தோட்டத்தை மாற்றி மீண்டும் அப்படியே எடுங்கள். இலையை மறைத்த படத்துக்கும் மாடல் உறுதியாக நோய்ப்பெயர் சொன்னால், அந்தப் படத்தொகுப்பைக் கைவிடுங்கள்.

ஒரே செடி இருபுறமும்

ஒரே செடியின் படங்கள் பயிற்சியிலும் சோதனையிலும் இருந்தால், மாடல் ஏற்கெனவே பார்த்ததையே சோதனையில் மீண்டும் பார்க்கும். எனவே பயிற்சிப் படங்களையும் சோதனைப் படங்களையும் தோட்டவாரியாகப் பிரியுங்கள்.

கண்மூடிச் சுருக்குவது

முழுச் செடியின் படத்தை மாடலுக்குக் கொடுக்க 224 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கினால் தொடக்கநிலைப் புள்ளிகள் மறைந்துவிடும். இலையை மட்டும் வெட்டியெடுத்த பிறகே சுருக்குங்கள்.

‘தெரியாது’ என்ற விடை இல்லாமை

நோய்ப்பெயர்களை மட்டுமே கற்ற மாடல், கத்தரி இலையைக் காட்டினாலும் தக்காளி நோய் ஒன்றைத்தான் சொல்லும்.