வீட்டில் பெடிக்யூர்: நக மூலையை விட்டுவிடுங்கள்

மேற்கு மாம்பலத்தில் சின்னதாக ஒரு பார்லர் வைத்திருக்கிறேன். ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் கல்யாணப் பெண்கள் வர ஆரம்பிப்பார்கள். ரங்கநாதன் தெருவில் ஒரு பெடிக்யூர் செட் வாங்கி, வீட்டிலேயே செய்து பார்த்து, காலைப் புண்ணாக்கிக்கொண்டு வருபவர்களும் உண்டு. தொழில் கற்றுக்கொண்ட காலத்தில் நான் செய்த அதே தவறுகள். பாலிஷ் காயும் முன் செருப்பைப் போடுவது மாதிரியானவற்றை நீங்களே ஒரு முறையில் திருத்திக்கொள்வீர்கள். மற்றவற்றைச் சொல்கிறேன்.

கட்டைவிரல் நகத்தின் மூலையைத் தோண்டுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வரும், ஏனென்றால் என் அக்காவுக்கு இதைச் செய்தவள் நான். கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பு, "ஓரத்தில் குத்துதுடி" என்றாள். கைவிரல் நகம்போல வளைத்து, நகவெட்டியின் முனையை உள்ளே விட்டு மூலையை எடுத்துவிட்டேன். குத்தல் உடனே நின்றது. முகூர்த்தத்தன்று விரல் சிவந்து வீங்கியிருந்தது. அம்மி மிதிக்கக் காலைத் தூக்கி வைத்தபோது அவள் பல்லைக் கடித்தது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

ஆழமாக வெட்டும்போது உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் முள் மாதிரி ஒரு துணுக்கு நின்றுவிடும். நகம் இருந்த இடத்தில் பக்கத்துச் சதை வந்து மூடிக்கொள்ளும். பின்னாலிருந்து வளர்ந்து வரும் நகம் அந்தச் சதையில்தான் ஏறும். மறுபடி குத்தும், மறுபடி தோண்டுவோம். முதலில் கிடைக்கும் சுகம்தான் ஆளை ஏமாற்றுகிறது. போன மாதம் வந்த ஒரு பெண் மூன்று முறை தோண்டியிருந்தாள். நான் தொடவே இல்லை, டாக்டரிடம் அனுப்பினேன்.

கால் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான் வளரும். கட்டைவிரல் நகத்தை எடுக்க நேர்ந்தால், முழுதாக வளர ஒரு வருஷம், ஒன்றரை வருஷம்கூட ஆகும்.

அதனால் நேர்கோட்டில் வெட்டுங்கள். மூலை சதைக்கு மேலே தெரிய வேண்டும், வெள்ளை ஓரம் கொஞ்சம் மிஞ்ச வேண்டும். கூராக இருந்தால் நக அரத்தால் லேசாக ஒரே திசையில் தேயுங்கள். வீங்கிச் சீழ் வைத்துவிட்டால் நகச்சுத்திக்கு எலுமிச்சம்பழம் செருகுவதுபோல வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், மருத்துவரிடம் போங்கள்.

பித்தவெடிப்பைப் பிளேடால் சீவுவது

ஊறிய தோலில் செத்தது எங்கே முடிகிறது, உயிருள்ளது எங்கே தொடங்குகிறது என்று கைக்குத் தெரியாது. பத்து நிமிஷம் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, தேய்ப்புக்கல்லால் மெதுவாகத் தேய்த்தால் போதும். ஒரே நாளில் வழவழப்பாக வேண்டும் என்று பார்க்காதீர்கள். ராத்திரி வாஸ்லினோ யூரியா கலந்த கிரீமோ பூசி, பருத்தி சாக்ஸ் போட்டுக்கொண்டு படுங்கள்.

சர்க்கரை இருப்பவர்களுக்குச் செய்துவிடுவது

அம்மாவுக்கு ஆசையாகச் செய்துவிடுவீர்கள். ஆனால் சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் சூடும் தெரியாது, வெட்டுப்பட்டதும் தெரியாது. ஊறவைப்பது, தேய்ப்பது, பிளேடு எதுவும் வேண்டாம். வேறு எதையும் டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ஒரே நகவெட்டி வீடு முழுக்க

வேண்டாம். நகப்பூஞ்சை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும்.

விரல் இடுக்கை ஈரமாக விடுவது

சென்னைப் புழுக்கத்தில் இடுக்கு தானாகக் காயாது. மழைக்காலத்தில் தெருத் தண்ணீரில் நடந்துவிட்டு வருகிறோம், கேட்கவே வேண்டாம். சேற்றுப்புண் அங்கேதான் பிடிக்கும். இடுக்கில் கிரீமும் பூசாதீர்கள். மெட்டி போட்டிருப்பவர்கள் கழற்ற முடிந்தால் கழற்றிவிட்டு, அதன் அடியில் ஒரு மெல்லிய துணியால் துடையுங்கள். மெட்டிக்குக் கீழே தோல் வெளுத்து ஊறிப்போயிருப்பதை நான் வாரம் ஒரு முறையாவது பார்க்கிறேன்.