பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர்: விண்ணப்பிக்கும் முன் போட வேண்டிய கணக்கு

ஒரு கிரெடிட் கார்டில் நிற்கும் கடனை, குறைந்த வட்டியோ வட்டியே இல்லாத சலுகையோ தரும் வேறொரு கார்டுக்கு மாற்றிக்கொள்வதைத்தான் பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் என்கிறோம். விளம்பரத்தில் பூஜ்ய சதவீதம் பெரிய எழுத்தில் இருக்கும். அதற்குரிய செலவுகளோ நிபந்தனைகளுக்குள் அங்கங்கே சிதறிக் கிடக்கும். அவற்றை ஒன்றாகக் கூட்டிப் பார்க்கும் முறையைக் கீழே தருகிறேன்.

படி 1: பழைய கார்டின் வட்டியைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஸ்டேட்மென்ட்டில் நிலுவைத் தொகையும் வட்டி விகிதமும் இருக்கும். கணக்குக்காக நிலுவை 1,00,000 என்றும், வட்டி மாதம் 3 சதவீதம் என்றும் வைத்துக்கொள்வோம்.

படி 2: மாற்றுக் கட்டணத்தை வட்டியோடு ஒப்பிடுங்கள்

பெரும்பாலான சலுகைகளில், மாற்றும் தொகையில் 3 முதல் 5 சதவீதம் வரை கட்டணமாக முதலிலேயே சேர்த்துவிடுவார்கள்; சில நாடுகளில் அதன்மேல் வரியும் உண்டு. 3 சதவீதம் என்றால் 3,000; கடன் தொடங்கும்போதே 1,03,000 ஆகிவிடுகிறது. இதை ஆறு மாதங்களில் அடைத்தால் மாதம் ஏறத்தாழ 17,167 கட்ட வேண்டும். அதே தொகையைப் பழைய கார்டிலேயே கட்டிவந்தால் வட்டி மட்டும் ஏறத்தாழ 11,600 ஆகும். ஆகவே இங்கே மாற்றுவதில் 8,600 வரை லாபம் உண்டு.

இரண்டே மாதங்களில் கடனை முடிக்கக்கூடியவருக்குக் கணக்கு வேறு. பழைய கார்டில் அவருக்கு ஆகும் வட்டி சுமார் 4,500 தான். புதிய கார்டு 5 சதவீதம் கேட்டால் 5,000 போய்விடும். அவர் மாற்றாமல் இருப்பதே நல்லது.

இன்னொன்றையும் கவனியுங்கள். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருவதால், ஆறு மாதத்துக்கு வாங்கும் 3 சதவீதக் கட்டணம், தோராயமாக ஆண்டுக்கு 10 சதவீத வட்டிக்குச் சமமாகிறது. பூஜ்யம் என்ற சொல்லை நம்பி இந்தக் கணக்கைப் போடாமல் விடுபவர்கள் பலர் என்பதே என் கவலை.

படி 3: மாதத் தவணையை நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள்

கட்டணத்தையும் சேர்த்த மொத்தத்தைச் சலுகை மாதங்களால் வகுத்தால் வருவதுதான் நீங்கள் கட்ட வேண்டிய தொகை. ஸ்டேட்மென்ட் கேட்கும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவந்தால், சலுகை முடியும் நாளில் பெரும்பகுதிக் கடன் அப்படியே நிற்கும். அதன் மீது வழக்கமான உயர் வட்டி ஓடத் தொடங்கும்.

படி 4: நிபந்தனைகளில் மூன்று இடங்களைத் தேடிப் படியுங்கள்

சலுகைக் காலம் எந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது என்பது முதலாவது. கணக்குத் தொடங்கிய நாளிலிருந்து எண்ணினால், மாற்றம் நடந்து முடிவதற்குள்ளேயே சில வாரங்கள் கழிந்துவிடலாம். ஒரு தவணை தவறினால் சலுகை ரத்தாகுமா என்பது இரண்டாவது. மூன்றாவது கடன் வரம்பு: புதிய கார்டின் வரம்பு 80,000 என்றால், கட்டணமும் அதற்குள்ளேயே அடங்க வேண்டியிருப்பதால், மீதிக் கடன் பழைய வட்டியிலேயே தங்கிவிடும்.

படி 5: புதிய கார்டில் பொருள் வாங்காதீர்கள்

பூஜ்ய வட்டி பெரும்பாலும் மாற்றிய தொகைக்கு மட்டுமே. பல கார்டுகளில், மாற்றிய நிலுவை நிற்கும்வரை புதிதாக வாங்குபவற்றுக்கு வழக்கமான வட்டியில்லாத நாட்கள் கிடைப்பதில்லை. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறும். அன்றாடச் செலவுக்கு டெபிட் கார்டையோ ரொக்கத்தையோ வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: பழைய கார்டை அடுத்த ஸ்டேட்மென்ட் வரும்வரை கவனியுங்கள்

மாற்றத்துக்கு விண்ணப்பித்துவிட்டோம் என்று பழைய கார்டின் தவணையை நிறுத்தக் கூடாது. பணம் அங்கே வரவு வைக்கப்படும்வரை கட்ட வேண்டியது உங்கள் பொறுப்பே. வரவு வைத்த பிறகும், கடைசி ஸ்டேட்மென்ட்டுக்கும் பணம் வந்த நாளுக்கும் இடைப்பட்ட நாட்களின் வட்டி மிஞ்சியிருக்கும். நம் எடுத்துக்காட்டில் பத்து நாளைக்கு ஏறத்தாழ 1,000 ஆகும் அந்தத் தொகையைப் பார்க்காமல் விட்டால், தாமதக் கட்டணமும் சேர்ந்து, கடன் வரலாற்றிலும் தவறிய தவணையாகப் பதிவாகலாம். நிலுவை பூஜ்யம் என்று காட்டும் ஸ்டேட்மென்ட் கைக்கு வந்ததும் அதைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள்.